கல்லீரல் மாற்றியபின்: எந்த மாத்திரை நீண்ட நாளைக்கு நல்லது?

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இப்போது சற்றுக் கூடி 1.6. மருந்து முகவர் ஒருவர், "அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், எவரோலிமஸுக்கு மாறுங்கள், குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்கிறார். மாறலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. டாக்ரோலிமஸ் நாளடைவில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சர்க்கரை நோயும் வரலாம். ஆனாலும் உடல் கல்லீரலை நிராகரிக்காமல் காப்பதில், அதே வகைப் பழைய மருந்தான சைக்ளோஸ்போரினைவிட அதுவே மேல். சைக்ளோஸ்போரினும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான் என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வழக்கமாகச் செய்வது, டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்து, கூடவே நிராகரிப்பைத் தடுக்கும் வேறு மருந்தான எவரோலிமஸோ மைக்கோபினோலேட்டோ சேர்ப்பது. சிறுநீரகத்தில் தழும்பு விழுந்தபின் செய்தால் பலன் சொற்பம். 1.6 தானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

எவரோலிமஸில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சிறுநீரில் ஏற்கெனவே புரதம் போகிறவர்களுக்கு அது கசிவைக் கூட்டிவிடும். கிரியேட்டினினை மட்டும் பார்த்தால் இது தெரியாது. தொடங்குமுன் சிறுநீரில் புரத அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டாயம் பாருங்கள். தொடங்கிய பிறகும் பாருங்கள். கசிவு அதிகமென்றால் மைக்கோபினோலேட்தான் பொருத்தம்.

முகவரிடம் எதையும் வாங்காதீர்கள். டாக்ரோலிமஸிலேயே கம்பெனி மாறினால் ரத்தத்தில் மருந்தளவு மாறலாம். நாளுக்கு ஒரு முறை சாப்பிடும் வகையை, இரு முறை சாப்பிடுவதற்குப் பதிலாகக் கடைக்காரர் நீட்டினால் திருப்பிக் கொடுங்கள். பல லட்சம் ரூபாய் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தரும் காப்பீடுகளில் பெரும்பாலானவை, ஆயுளுக்கும் விழுங்க வேண்டிய மாத்திரைக்குத் தருவதில்லை. இந்த அநியாயம் இருக்கும்வரை இத்தகைய முகவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனையிலும் கவனம் தேவை. காலை மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தால் அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், கல்லீரல் நிராகரிப்பில் போய் முடியலாம். முந்தைய இரவு 9 மணிக்குச் சாப்பிட்டிருந்தால், காலை 9 மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றம் எதுவானாலும் உங்கள் கல்லீரல் மருத்துவர் எழுதித் தரட்டும். அதுவரை இப்போதைய மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள்.