லீனாவின் குரல்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன மாதம் 'சிங்கிங் இன் த ரெயின்' பார்த்தேன், 1952-இல் வந்த ஹாலிவுட் இசை நடனப் படம். அடுத்தடுத்து மூன்று இரவுகள் அதையே பார்த்தேன். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உலக சினிமா பார்ப்பவர்கள். அவர்களிடம் சொன்னபோது ஒருவர், "ஹாலிவுட் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்ட படம்" என்றார். "ஆட்டம் பாட்டம் தவிர அதில் என்ன இருக்கிறது?" என்றார் இன்னொருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படி ஓர் இலகுவான படத்தை இவ்வளவு ரசிப்பது என் ரசனையின் குறையா? மேடைக்குப் பின்னால் நடக்கும் கதைகளாக வேறு படங்கள் சொல்வீர்களா? சப்டைட்டில் இல்லாமல்தான் பார்க்கவேண்டும் என்கிறார்கள். சரியா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மூன்று இரவு பார்த்திருக்கிறீர்கள், வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறீர்கள், அப்புறம் என்னிடம் வந்து சான்றிதழ் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பந்தியில் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தவர், இது நன்றாக இருக்கிறதா என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்பாரா? உங்கள் நண்பர்களுக்குப் பட்டியல்தான் பிரமாணம் என்றால் ஒன்று சொல்லிவையுங்கள். சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், 2022-இல் இந்தப் படத்துக்குப் பத்தாவது இடம். இதைக் கேட்டதும் அவர்கள் அடங்கிப்போனால் அவர்களோடு படம் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

வேறு படங்கள் கேட்டிருக்கிறீர்கள். 1933-இல் வந்த '42-வது தெரு' (ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்), 1953-இன் 'த பேண்ட் வேகன்'. போதும். முதலில் இவற்றைப் பாருங்கள்.

முதுகைத் தட்டிக்கொண்டது என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. படத்தைத் தயாரித்த ஆர்தர் ஃப்ரீட் ஒருகாலத்தில் பாடலாசிரியர். அவரும் நேசியோ ஹெர்ப் பிரவுனும் சேர்ந்து போட்ட பழைய பாட்டுகள் எம்ஜிஎம் ஸ்டுடியோ வசம் கிடந்தன. பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற இரட்டை எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, இந்தப் பாட்டுகளுக்கு ஒரு கதை பண்ணுங்கள் என்றார்கள். துணி இருக்கிறது, அளவெடுக்க ஆள் தேடு என்பதுபோல. அவர்கள் பாட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பல பாட்டுகள் சினிமா பேசத் தொடங்கிய நாட்களைச் சேர்ந்தவை. சரி, கதையையும் அங்கேயே வைப்போம் என்று 1927-க்குப் போய்விட்டார்கள். சரக்கறையிலிருந்து பிறந்த கதைதான். அதனால் என்ன?

மழை நடனத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுதாதவர் கிடையாது. ஒன்று மட்டும். அது ராத்திரியே இல்லை. ஸ்டுடியோவின் வெளிப்புறத் தெருவைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிப் பகலில் எடுத்தார்கள். கால் வைத்தால் தண்ணீர் தெறிக்கவேண்டிய இடங்களில் நடைபாதையைத் தோண்டிக் குழி செய்தார்கள். ஆடிய கதாநாயகன் ஜீன் கெல்லிக்கு அன்று 103 டிகிரி காய்ச்சல். இன்னொரு பாட்டின் முடிவில் மூன்று பேர் சோபாவின் மேல் ஏறி, அதைச் சாய்த்து, அதோடு விழுந்து சிரிப்பார்கள், நினைவிருக்கிறதா? அதில் நடுவில் இருக்கும் டெபி ரேனால்ட்ஸுக்கு அப்போது வயது 19. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய பெண், நடனக்காரி இல்லை. அந்த நாள் முடிந்தபோது அவர் பாதங்களில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பாருங்கள்.

ஆனால் ஆர்., உங்கள் கடிதத்தில் ஒரு பெயர் இல்லை. மூன்று முறை பார்த்தவர் லீனா லாமாண்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கொஞ்ச நாளாக நான் அவளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிலே.

படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லீனாவும் டான் லாக்வுட்டும் ஊமைப் படங்களின் பெரிய ஜோடி. பேசும்படம் வருகிறது. லீனா வாயைத் திறந்தால் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒரு குரல். புதரில் ஒலிவாங்கியை ஒளித்துவைத்து அவளைப் பேசச் சொல்வார்கள். அவள் தலையை இந்தப் பக்கம் திருப்பினால் சொல் காணாமல் போகும், அந்தப் பக்கம் திருப்பினால் திரும்பி வரும். உடைக்குள் வைத்துத் தைத்தால் இதயம் இடிக்கும் சத்தம் கேட்கும். முன்னோட்டக் காட்சியில் ஒலி பிசகி, வில்லனின் "ஆமாம் ஆமாம்" அவள் வாயிலிருந்தும், அவளுடைய "வேண்டாம் வேண்டாம்" வில்லன் வாயிலிருந்தும் வரும். நானும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன். கடைசியில் கேத்தி என்ற புதுப்பெண் மறைவில் நின்று லீனாவுக்குக் குரல் கொடுக்கிறாள். லீனா மேடையில் வாயசைக்கும்போது பின்திரையை மேலே இழுத்துவிடுகிறார்கள். அரங்கம் சிரிக்கிறது. நீதி வென்றது.

வென்றதா? கேத்தியாக நடித்தவர் டெபி. லீனாவுக்காகக் கேத்தி வசனம் பேசும் காட்சியில் நாம் கேட்கும் அந்த இனிமையான, நிதானமான குரல் டெபியுடையது இல்லை. லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல் அது. அதாவது ஹேகனுக்கு டெபி குரல் கொடுப்பதாகக் காட்டும் காட்சியில் டெபிக்கு ஹேகன் குரல் கொடுத்திருக்கிறார். அங்கே வரும் பாட்டும் டெபி பாடியதில்லை. பாடியவர் பெட்டி நோயஸ். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

மறைவில் நின்று பாடியவளை மேடைக்குக் கொண்டுவந்து கைதட்ட வைக்கும் படம், தனக்காக மறைவில் நின்று பாடியவளின் பெயரைப் போடவில்லை. உங்கள் நண்பர் பிடித்திருக்க வேண்டிய நூல் இது. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

இதைச் சொன்னால் உடனே சிலர், அப்படியானால் இது போலியான படம் என்று கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பின்னணிப் பாட்டு கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வாய் ஒருவருடையது, தொண்டை இன்னொருவருடையது என்பது நமக்குக் காலையில் குடிக்கும் காப்பி மாதிரி. நான் சொல்வது வேறு. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு அக்கா.

சாலிகிராமத்தில் நான் குடியிருந்த வீட்டின் மாடியில் இருந்தார். டப்பிங் பேசுபவர். கதாநாயகிகளுக்குப் பேசியதில்லை, கதாநாயகிகளுக்காக அழுதிருக்கிறார். விம்மல், அலறல், பிரசவ வலி, கூட்டத்தில் "ஐயோ பாவம்" என்று ஒரு குரல், எல்லாம் அவர்தான். பல்லில்லாத கிழவி முதல் கைக்குழந்தை வரை தொண்டையில் வைத்திருந்தார். பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் ஃபிளாஸ்க் இல்லாமல் வெளியே போகமாட்டார். தள்ளுவண்டிக்காரரிடம் தக்காளிக்குப் பேரம் பேசும்போதுகூட முகவாய் ஒரே உயரத்தில் நிற்கும், கண் மட்டும்தான் தக்காளிக்குப் போகும். அவ்வளவு வருடம் மைக் முன்னால் நின்ற கழுத்து. ஒரு கம்பெனி ஆறு மாதமாகக் காசு தராமல் இழுத்தடித்தபோது, அவர்கள் அலுவலக வாசலில் போய் படத்தில் அழுத அதே அழுகையை அழுததாகச் சொல்வார். பாதிப் பணம் வந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் கொடுத்த விசிடியில் அவரும் நாங்களுமாக இந்தப் படத்தைப் பார்த்தோம். இரண்டு தட்டு. முதல் தட்டு முடிந்து இரண்டாவதைப் போடும்போது கரண்ட் போய், ஒரு மணி நேரம் முறுக்கு தின்றுகொண்டு காத்திருந்தோம். அக்காவுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. நான்தான் நடுநடுவே கதை சொன்னேன். மழை நடனத்துக்கு, "நல்லா ஆடறான்" என்றார், அவ்வளவுதான். புதருக்குள் மைக் வைத்த காட்சியில்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். திரும்பப் போடச் சொல்லி இரண்டு முறை பார்த்தார்.

லீனா பேசும்போதெல்லாம் நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது அந்தப் பொண்ணோட சொந்தக் குரல் இல்ல தம்பி" என்றார்.

"கதைப்படி அதுதான் அவ குரல்கா."

"கதைய விடு. இது பிடிச்சுப் பேசற குரல். மூக்குல ஏத்தி, தொண்டைய இறுக்கி, ஒரு பிட்டுலகூட எறங்காமப் பேசறா. நானா இருந்தா ரெண்டு நாள்ல தொண்டை கட்டிக்கும். நல்ல குரல் இருக்கறவளாலதான் இப்படிக் கெட்ட குரல்ல பேச முடியும்."

நான் நம்பவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினேன்.

கடைசியில் திரை மேலே போனது. கேத்தி அவமானத்தில் மேடையிலிருந்து குதித்து, இருக்கைகளுக்கு நடுவே வாசலை நோக்கி ஓடினாள். டான் கத்தினான், அந்தப் பெண்ணை நிறுத்துங்கள் என்று. நான் வழக்கம்போல உருகிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு எரிச்சல்.

"இவ எதுக்கு ஓடறா? திருடினவ மாதிரி? வேலை செஞ்சவதானே? நின்னு சம்பளத்தக் கேக்க வேண்டியதுதானே?" சற்றுப் பொறுத்து, "எவ்வளவு பேசியிருந்தாங்களாம்?"

கேத்தி அந்த ஸ்டுடியோவில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் இருக்கிறாள், அதைச் சொல்லித்தான் லீனா அவளை மிரட்டுகிறாள் என்றேன். தொகை படத்தில் வராது என்றேன்.

"அது மட்டும் எந்தப் படத்துலயும் வராது" என்று எழுந்து, கீழே சிந்திய முறுக்குத் தூளைக் கையால் கூட்டி எடுத்துப்போனார்.

ஹேகனின் சொந்தக் குரல் விஷயத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டது பல வருடம் கழித்து. லீனாவுக்காக ஹேகன் துணை நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதும், கிடைக்காமல் போனதும் அப்போதுதான் தெரிந்தது. 1950-இல் வந்த 'த ஆஸ்பால்ட் ஜங்கிள்' படத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்தேன். அதே ஹேகன்தான். தகரக் கீறல் எதுவும் இல்லை. சாதாரணமான, கொஞ்சம் சோர்ந்த, காதுக்கு இதமான குரல். அக்கா சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பழைய எண்ணுக்கு அழைத்தேன். யாரோ ஒரு பையன் எடுத்து, "ராங் நம்பர்" என்றான்.

இதில் உங்கள் ரசனையின் குறை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லை. உங்கள் குறை நீங்கள் நண்பர்களைக் கேட்டது. மூன்று முறை பார்த்தும் லீனாவின் தொண்டை உங்கள் காதில் விழாதது இன்னொரு குறை. எனக்கும் விழவில்லைதான், ஆனால் நான் அப்போது ஒரு தடவைதானே பார்த்திருந்தேன்.

சப்டைட்டில் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தாராளமாகப் போட்டுக்கொண்டு பாருங்கள், அதில் ஒரு பாவமும் இல்லை. லீனா பேசும்போது மட்டும் எடுத்துவிடுங்கள்.