மாசமாக இருப்பவர் பெயர் ஆட்குறைப்புப் பட்டியலில் வரலாமா?

கேள்வி: கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஆர்டர் குறைந்துவிட்டதால் எங்கள் பிரிவில் மூன்று பேரைக் குறைக்கப் போகிறார்கள். கூட வேலை பார்க்கும் ஒரு பெண் ஆறு மாத கர்ப்பிணி. "அவ எப்படியும் லீவுல போயிருவால்லா, அவ பேரை எழுதுங்க" என்கிறார்கள் சிலர். "மாசமா இருக்க பிள்ளைய அனுப்புனா பாவம்லா" என்கிறார்கள் சிலர். அவரை விட்டால் அந்த இடத்தில் என் பேர் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்படிக் கேட்பது தப்பா?
- வாசகி, தாழையூத்து

பதில்: தப்பே இல்லை. உங்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே.

பட்டியல் போடும்போது அவர் வயிற்றைப் பார்க்கக் கூடாது. அனுப்புவதற்கும் கூடாது, காப்பாற்றுவதற்கும் கூடாது. பார்க்க வேண்டியது வேலைக்குச் சேர்ந்த தேதி. ஒரே வகை வேலை செய்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த விதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. வரிசையை மாற்றினால் நிர்வாகம் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். "லீவில் போகப் போகிறார்" என்பது காரணமாக நிற்காது.

ஆக, அவர் 2019-லும் நீங்கள் 2021-லும் சேர்ந்திருந்தால், உங்கள் பேர் முதலில் வருவது சீனியாரிட்டியால்தான். அவர் மீது வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குப் பிறகு சேர்ந்தவர் அவர் என்றால், இரக்கத்தைக் காட்டி உங்களை அனுப்பவும் முடியாது. முதலில் சீனியாரிட்டி பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தேதி வரிசையை மாற்ற நிர்வாகம் ஒரு மார்க் ஷீட் போட்டால், கோளாறு பெரும்பாலும் அதில்தான் நுழையும். வருகை, உற்பத்தி, ஓவர்டைம் என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுப்பார்கள். பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கும். முதல் மூன்று மாதம் வாந்தி எடுத்துப் போட்ட லீவு, ஸ்கேனுக்குப் போன அரை நாள், டாக்டர் வேண்டாம் என்றதால் விட்ட ஓவர்டைம் எல்லாம் அந்தக் கட்டங்களில்தான் போய் விழும். கர்ப்பம் என்ற சொல்லே இல்லாமல் கர்ப்பத்துக்கு மார்க் குறைந்திருக்கும். அந்த நாள்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதற்கு முந்தைய ஒரு வருட வருகைப் பதிவேட்டை எல்லோருக்கும் பொதுவாக எடுக்கலாம்.

சரி, தேதி வரிசைப்படியே அவர் பேர் வந்தால்? நோட்டீஸ் தேதியைப் பாருங்கள். பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், விடுப்புக்குள் முடிகிற மாதிரி நோட்டீஸ் கொடுப்பதும் சட்டவிரோதம். பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்பே விடுப்பு தொடங்கலாம். டாக்டர் குறித்த தேதி மார்ச் 20 என்றால் ஜனவரி 23 முதல் விடுப்பு எடுக்க முடியும். அப்படி எடுத்தால், ஜனவரி 5-ல் கொடுத்த ஒரு மாத நோட்டீஸ் விடுப்புக்குள் போய் முடியும், அது செல்லாது. அதற்காக அடுத்த ஆளை அவருக்குப் பதிலாக அனுப்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவர் பேர் வரிசையில் அதே இடத்தில் இருக்கட்டும், திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"ஆறு மாதம் சும்மா சம்பளம் கொடுக்கணுமே" என்று நிர்வாகம் புலம்பினால் நம்பாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், அந்தப் பணத்தைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம்.

உங்கள் இருவருக்குமே பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "நீயே ராஜினாமா எழுதிக் கொடும்மா, ஆர்டர் வந்ததும் கூப்பிடுறோம்" என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா என்றால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நீக்கினால், ஒரு வருடம் முடித்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் உண்டு. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் உண்டு. ஒரு வருடத்துக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவர்களுக்குத்தான் முதலில் வாய்ப்புத் தர வேண்டும். அந்த உரிமையும் ராஜினாமாவோடு போய்விடும்.

பேறுகால விடுப்பைச் சாக்கிட்டு அவரை நீக்கினால், உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பது நம் ஊர் வழக்கம். கொடுக்கட்டும். ஆனால் அது மேசை மேசையாகச் சுற்றி வரும்வரை காத்திருக்காமல், அன்றைக்கே தொழிலாளர் துறை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.