நுவரெலியாவில் 4 அடி அகலப் பாத்திக்கு எந்த மரம் வைக்கலாம்?

மதிலோரம் 4 அடிதான் இடம், பக்கத்து வீட்டு ஜன்னலை மறைக்க வேண்டும், வருசம் முழுக்க இலை நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தெரிவு கமேலியா.

தேயிலையும் இதுவும் ஒரே பேரினம். தேயிலைக்கு ஒத்துப்போகும் நம் புளிப்பு மண்தான் இதற்கும் வேண்டும். மெதுவாக வளரும், கவ்வாத்தைத் தாங்கும், 10 அடிக்குள் அடக்கி வைக்கலாம். நடுவதற்கு முன் மதிலடியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மேசன்மார் கொட்டிய சீமெந்துக் கழிவு அங்கேதான் புதைந்திருக்கும். அதை அள்ளாமல் நட்டால் சுண்ணாம்பு மண்ணில் ஏறி, இளம் இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாய்த் தெரியும். அந்த நிலைக்கு வந்தபின் எந்த உரம் போட்டும் சுலபத்தில் மீட்க முடியாது.

ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இடமென்றால், விடிந்ததும் வெயில் நேரே படும் மூலையைத் தவிருங்கள். பனி பிடித்த மொட்டில் சட்டென்று சூடு பட்டால் கருகிவிடும்.

நாள் முழுக்க வெயில் அடிக்கும் பாத்தியா? அப்படியென்றால் பொட்டில்பிரஷ். சிவப்புப் பூவுக்குத் தேன்சிட்டும் வரும்.

சைப்பிரஸ் மட்டும் வேண்டாம். நேர்சரியில் ஒல்லியாக, சாதுவாகத்தான் நிற்கும். பிறகு கூரைக்கு மேலே போய்விடும். இலையில்லாத பழைய கிளைவரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது.

மதிலிலிருந்து 2 அடி தள்ளி, மண்ணைச் சற்று மேடாக்கி நடுங்கள். தென்மேல் பருவமழையில் வேரடியில் தண்ணீர் தேங்கினால் கமேலியா அழுகிவிடும்.