குறுங்கோள்களும் அவற்றின் நிலாக்களும்: கேள்வி பதில்

கேள்வி: சார், புளூட்டோ அவ்வளவு தொலைவில் இருக்கிறது. அதன் எடையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: அதன் நிலாவை வைத்துத்தான். 1978 ஜூனில் அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் கிறிஸ்டி பார்த்த புகைப்படத் தட்டுகளில் புளூட்டோவின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. பக்கத்து நட்சத்திரங்களில் புடைப்பு இல்லை. ஆகவே தட்டின் கோளாறு அல்ல. அந்தப் புடைப்புதான் சாரன்.

நிலா கிடைத்துவிட்டால் கெப்ளரின் மூன்றாம் விதி (தூரமும் சுற்றும் காலமும் தெரிந்தால் எடையைத் தருவது) போதும், நீங்களே போட்டுப் பார்க்கலாம். இடைத்தூரம் 19,600 கி.மீ.; மீட்டராக்கி மும்மடி எடுத்து 39.48-ஆல் (அதாவது 4π²) பெருக்குங்கள். சுற்றும் காலம் 6.387 நாள், வினாடியாக்கி வர்க்கம் எடுத்து, ஈர்ப்பு மாறிலி 6.674 × 10⁻¹¹-ஆல் பெருக்குங்கள். முதலில் வந்ததை இதனால் வகுத்தால் சுமார் 1.46 × 10²² கிலோ. இது இரண்டும் சேர்ந்த எடை. புளூட்டோ மட்டும் 1.30 × 10²². நாளை வினாடியாக்க மறந்தால் விடை 746 கோடி மடங்கு ஏறிவிடும். கிலோமீட்டரை அப்படியே விட்டால் 100 கோடி மடங்கு இறங்கிவிடும். விடை தவறினால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: ஏரிஸ் என்ற குறுங்கோள் பெரியதா, புளூட்டோ பெரியதா?

பதில்: பருமனில் புளூட்டோ: விட்டம் 2,377 கி.மீ., ஏரிஸுக்கு 2,326. எடையில் ஏரிஸ் சுமார் 27 சதவீதம் கூடுதல். டிஸ்னோமியா என்ற நிலா அதைச் சுற்றுவதால் இது தெரிந்தது. எந்த எண்ணை எடுத்தாலும் அது ஆரமா, விட்டமா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: புளூட்டோவை ஏன் கோள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்?

பதில்: 2006 ஆகஸ்ட் 24, பிராக் நகரில் சர்வதேச வானியல் சங்கம் வகுத்த வரையறைப்படி கோள் சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டிருக்க வேண்டும், தன் பாதையில் மற்றவற்றை ஒதுக்கியிருக்க வேண்டும். மூன்றாவது புளூட்டோவுக்கு இல்லை. அதனால் அது குறுங்கோள்.

கேள்வி: புளூட்டோ, சாரன் இரண்டுக்கும் பொதுவான நிறைமையம் (இரண்டும் சுற்றிவரும் புள்ளி) புளூட்டோவுக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறதே. அப்படியானால் சாரன் நிலாவே அல்ல, இரட்டைக் குறுங்கோள்தானே?

பதில்: நல்ல கேள்வி. அந்த மையம் புளூட்டோவின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 950 கி.மீ. மேலே இருக்கிறது. 2006-இல் முதலில் வைத்த வரைவு இதே காரணத்தைச் சொல்லி சாரனையும் கோளாக்கியது. அந்த வரைவு நிற்கவில்லை.

கேள்வி (அவரே): நிற்காவிட்டால் என்ன? இயற்பியல் மாறாதே.

பதில்: இயற்பியலையே பார்ப்போம். சூரியன், வியாழன் இரண்டின் பொது மையமும் சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியேதான் வருகிறது. வியாழனும் சூரியனும் இரட்டை என்பீர்களா? நம் நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது; பூமிக்குள் இருக்கும் பொது மையமும் அதற்கேற்ப வெளிப்பக்கம் நகர்கிறது. எடை துளியும் மாறாமல், தூரம் கூடுவதால் மட்டும் ஒரு நிலா பெயர் மாறும் என்றால் அந்த அளவுகோல் சரியில்லை. எடை விகிதத்தைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்: சாரன் புளூட்டோவில் எட்டில் ஒரு பங்கு, நம் நிலா பூமியில் 81-இல் ஒன்று. 'இரட்டை' என்று சொல்ல வலுவான காரணம் அதுதான்.

கேள்வி: புளூட்டோ ஏன் கோள் இல்லை சார்?

பதில்: மேலே மூன்றாவது பதில்.

கேள்வி: ஹௌமியா என்ற குறுங்கோளுக்கு வளையம் உண்டாமே?

பதில்: உண்டு. 2017-இல் ஹௌமியா ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த ஒளி முன்னும் பின்னும் ஒருமுறை மங்கியதில் தெரிந்தது. ஹௌமியா நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுழல்வதால் முட்டைபோல நீண்டிருக்கிறது. நீளம் சுமார் 2,300 கி.மீ. வளையத்தின் ஆரம் 2,287 கி.மீ. இதை விட்டம் என்று எழுதினால் வளையம் ஹௌமியாவின் உடம்புக்குள்ளேயே புதைந்துவிடும். ஆரமா, விட்டமா, பாருங்கள்!

கேள்வி: புளூட்டோப் பெயர்ச்சி மகர ராசிக்கு எப்படி?

பதில்: அது ஜோதிடம். இங்கே வானியல் மட்டும்.

கேள்வி: 6 அங்குலத் தொலைநோக்கியில் சாரன் தெரியுமா?

பதில்: தெரியாது. புளூட்டோவே 14-ஆம் ஒளித்தரத்துக்கும் (எண் கூடினால் ஒளி குறைவு) மங்கல். இருண்ட வானமும் 10 அங்குலமாவது வேண்டும். சாரன் அதிலிருந்து ஒரு விகலை (பாகையில் 3,600-இல் ஒன்று) கூட விலகாது. புளூட்டோவைப் பிடிக்க நினைப்பவர்கள் அதே விண்மீன் பகுதியை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் படமெடுத்து, எந்தப் புள்ளி நகர்ந்தது என்று ஒப்பிடுங்கள். உங்கள் கருவிக்குச் சீரீஸ் என்ற குறுங்கோள் சரி. எதிர்நிலையில் (பூமிக்கு ஒருபுறம் சூரியன், மறுபுறம் அது) இருக்கும்போது 10×50 இருகண்ணோக்கியிலேயே சிக்கும்.

கேள்வி: சீரீஸுக்கு எத்தனை நிலா?

பதில்: ஒன்றும் இல்லை. 2015-இல் டான் விண்கலம் நெருங்கியபோது தேடிப் பார்த்தார்கள். நிலா இல்லாததால் அதன் எடையைத் துல்லியமாகச் சொல்ல, டானின் பாதை எவ்வளவு வளைந்தது என்பதைத்தான் அளந்தார்கள்.