பூனையின் வயிற்றுக் கோளாறுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பூனைக்கு 3 வயது. உலர் உணவை அவசர அவசரமாக விழுங்குகிறது. கால் மணி நேரத்துக்குள் அப்படியே கக்கிவிட்டு விளையாடப் போய்விடுகிறது. மருந்து கொடுக்கலாமா?

பதில்: மருந்து இருக்கட்டும், முதலில் அது எப்படிக் கக்குகிறது என்று பாருங்கள். வாந்தியென்றால் குமட்டும், எச்சில் ஒழுகும், வயிறு பலமுறை உள்வாங்கிக் குலுங்கும். நுரையோ மஞ்சள் பித்தநீரோ கலந்து வரும். அந்தப் பாடு எதுவுமின்றி, தலையைத் தாழ்த்தியதும் செரிக்காத உணவு குழாய் வடிவில் வந்து விழுந்தால், அது வயிற்றுக்கே போகவில்லை, உணவுக்குழாயிலிருந்து திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு. கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவருக்கு மிகவும் உதவும்.

உங்கள் பூனைக்கு வேகமே காரணமாக இருக்கலாம். ஒரு நாள் உணவை 4 அல்லது 5 வேளையாகப் பிரித்து, அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் தனி அறையில் வையுங்கள். பங்குக்கு ஆள் வருமோ என்ற பயத்திலேயே பல பூனைகள் விழுங்குகின்றன. ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ எடை இறங்கினாலோ பரிசோதனை அவசியம். உணவை மாற்றுவதானால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு, புது உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கூட்டுங்கள்.

கேள்வி: தினமும் பால் வைக்கிறோம், ஆசையாகக் குடிக்கிறது. ஆனால் 2 நாளாகக் கழிச்சல். பட்டினி போடலாமா?

பதில்: பாலை இன்றே நிறுத்துங்கள். தாய்ப்பால் மறந்தபின் பெரும்பாலான பூனைகளுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கும். கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும்.

பட்டினி மட்டும் வேண்டாம். பூனை, அதிலும் குண்டுப் பூனை, 2, 3 நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தோலும் எலும்பும் நீக்கி, உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியை வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 2, 3 நாளுக்குத்தான் இது; இதில் கால்சியம் போதாது. மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பான ஈரம் இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் உடலில் நீர் வற்றுகிறது. அப்போதும், மலத்தில் இரத்தம் வந்தாலும், நோயாளி குட்டியாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அன்றைய மலத்தில் கொஞ்சம் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். புழுவா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியா என்று பார்க்கலாம். மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி: எங்கள் ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கல்தானே?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீர் பட்டு மணல் கட்டியாகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்தாலும் இதே முக்கல்தான். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். சிறுநீர் வரவில்லையென்றால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

சிறுநீர் தாராளமாகப் போய், மலம் மட்டும் 2 நாளாக வராவிட்டால் அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதே. மனிதருக்கான எனிமாவை வீட்டில் கொடுக்காதீர்கள். பாஸ்பேட் கலந்த வகை பூனைக்கு நஞ்சு. மறுபடி வராமலிருக்க ஈர உணவுக்கு மாற்றி, தண்ணீர்க் கிண்ணத்தை மணல் தட்டுக்குத் தள்ளி 2, 3 இடங்களில் வையுங்கள்.

கேள்வி: ஆசனவாயில் நூல் தொங்குகிறது. இழுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. மறுமுனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டியிருக்கலாம். இழுத்தால் குடல் சுருங்கி மடிந்து, நூல் அதன் சுவரை அறுத்துவிடும். நூலைத் தொடாமல் பூனையைக் கூடையில் வைத்து இப்போதே கொண்டு போங்கள்.