மகள் கேட்பது புதுப் படிப்பா, புரியாத படிப்பா?

கேள்வி: என் மகள் பி.இ. மின்னியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்து சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் படித்து, காற்றாலை ஆராய்ச்சிக்குப் போகப் போகிறாளாம். மின்னியலும் இல்லை, மெக்கானிக்கலும் இல்லை. இது சோறு போடுமா?
– ஒரு தந்தை, பணகுடி

பதில்: அண்ணாச்சி, உங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் பழைய காற்றாலைகளையே எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் நட்டவற்றில் பல 250 கிலோவாட் அளவிலான குட்டி இயந்திரங்கள். நல்ல காற்று வீசும் இடங்களைப் பிடித்துக்கொண்டிருப்பவையும் அவைதான். கழற்றிவிட்டு 2 மெகாவாட் இயந்திரத்தை நிறுத்தினால் போயிற்று என்று தோன்றும்.

நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். இறக்கை நீண்டால் இயந்திரங்களுக்கு நடுவே இடைவெளியும் கூட வேண்டும்; பத்து நின்ற காட்டில் இரண்டோ மூன்றோதான் நிற்கும். பத்துக்கும் பட்டா வேறு, முதலாளி வேறு. அந்த நீள இறக்கையை ஏற்றிவரும் லாரி ஊர் முக்கில் திரும்ப வேண்டும். ஆனி, ஆடியில் எல்லாம் ஒருசேரச் சுற்றும்போது துணை மின்நிலையமும் மின்பாதையும் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் காற்று அடிக்க அடிக்க இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார்கள். மின்னழுத்தம் நொடிப்பொழுது சரிந்தாலும் புது இயந்திரம் மின்கட்டமைப்பைவிட்டு விலகக் கூடாது.

இறக்கை வடிவமைப்பவருக்கு இறக்கை தெரியும், மின்பாதைக்காரருக்குப் பாதை தெரியும். தேவைகளை முதலிலேயே எழுதிவைத்து, ஒன்றை மாற்றினால் மற்றது எங்கே இடிக்கும் என்று கணக்கிட்டு, எந்தச் சோதனையில் தேறினால் ஏற்கலாம் என்று முன்கூட்டியே முடிவுசெய்ய ஓர் ஆள் வேண்டுமே, அதுதான் உங்கள் மகள் சொல்லும் வேலை. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிப்பது உங்களுக்குத் தெரியும். விண்வெளித் துறையில் பழகித் தேறிய முறைதான் இது.

ஆராய்ச்சியில் இதற்குத் தேவை இன்னும் அதிகம். ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை 1 முதல் 9 வரை அளக்கும் படிவரிசை ஒன்று உண்டு, நாசா கொண்டுவந்தது. ஆய்வக மேசையில் ஓடினால் 4; முழு அமைப்பும் உண்மையான களத்தில் ஓடித் தேறினால்தான் 9. மாணவர் திட்டப்பணிகளில் பெரும்பாலானவை மேசையோடு நின்றுவிடும். அங்கிருந்து களத்துக்குக் கொண்டுபோகத்தான் இந்த வேலை தேவை.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மின்னியலை விட்டுவிடக் கூடாது. ஒரு துறையில் ஆழம் இல்லாமல் எல்லாவற்றையும் இணைக்கிறேன் என்பவரை நேர்காணலில் யாரும் மதிப்பதில்லை. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதட்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் ஆற்றல் அறிவியலுக்கும், சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோலுக்கும் தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றன. சென்னை பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. அதன் சோதனை நிலையம் நம் கயத்தாறிலேயே உள்ளது. கங்கைகொண்டான் சோலார் ஆலையில் கிடைப்பது பெரும்பாலும் உற்பத்தி வேலை. இரண்டு வருடம் அங்கே போனாலும் வீணில்லை. வேலை விளம்பரத்தில் ‘சிஸ்டம்ஸ் இன்ஜினியர்’ என்று கண்டதும் விண்ணப்பித்துவிட வேண்டாம். மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவர்களுக்கும் அதே பெயரை வைக்கின்றன.

பெண்பிள்ளை தினமும் கோபுரம் ஏற வேண்டுமோ என்ற கவலை இருந்தால் விடுங்கள், இந்த வேலையில் அது அபூர்வம்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். வரும் ஆடியில், கல்லூரிக் கடிதத்தோடு, பக்கத்துத் துணை மின்நிலையத்துக்கு மகளை அழைத்துப் போங்கள். எந்த நேரத்தில், எந்தக் காரணத்தால் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பொறியாளரிடம் கேட்டு எழுதி வரட்டும். இறுதியாண்டுத் திட்டப்பணியை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.