கீன் கட்சியா, மெக்கார்த்தி கட்சியா?

தம்பி, டப்ளினில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, மதியச் சாப்பாட்டில் "சைபான் விஷயத்தில் நீ கீன் கட்சியா, மெக்கார்த்தி கட்சியா" என்று கேட்டார்கள், முழித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். கால்பந்து தெரியாமல் இவர்களோடு ஒட்ட முடியுமா என்பது உங்கள் கேள்வி.

ஒட்டலாம். ஆனால் அயர்லாந்து கால்பந்து அணியின் மேலாளராக இருந்த அந்த மெக்கார்த்தியின் கதை தெரிந்திருப்பது நல்லது.

மிக் மெக்கார்த்தி 1959-ல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பா அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் பக்கத்திலிருந்து அங்கே பிழைக்கப் போனவர். மிக் வாயைத் திறந்தால் அசல் யார்க்‌ஷயர் பேச்சு. ஆனாலும் அப்பா வழியில் அயர்லாந்துக்கு 57 ஆட்டம் ஆடினார். 1990-ல் இந்த நாடு முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனபோது அவர்தான் கேப்டன். காலிறுதி வரை போனார்கள். என் மகள் இங்கே பிறந்து டப்ளின் பேச்சு பேசுகிறவள். அதனாலேயே எனக்கு அந்த மனுஷர் மேல் தனிப் பிரியம்.

பார்ன்ஸ்லி, மான்செஸ்டர் சிட்டி, செல்டிக், பிரான்சின் லியோன், கடைசியாக லண்டனில் மில்வால் என்று ஊர் ஊராக ஆடினார். நளினமான ஆட்டம் இல்லை. பந்து வந்தால் தலையால் முட்டித் தள்ளும் தடுப்பாட்டக்காரர். 1992-ல் மில்வாலிலேயே மேலாளர் ஆனார், 1996-ல் அயர்லாந்து அணிக்கு.

இனி சைபான். 2002 உலகக் கோப்பைக்கு முன்னால் அந்தப் பசிபிக் தீவில் முகாம் போட்டார்கள். மைதானம் கட்டாந்தரை, பயிற்சிச் சாமான்கள் நேரத்துக்கு வரவில்லை. கேப்டன் ராய் கீன் கொதித்துப்போய்ப் பத்திரிகைப் பேட்டியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மெக்கார்த்தி அணியைக் கூட்டி அதைக் கேட்க, கீன் அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்தார். மெக்கார்த்தி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார். நாடே இரண்டு கட்சி ஆனது. மைதானம் பற்றிக் கீன் சொன்னது சரி என்பேன். ஆனால் சபையில் அப்படித் திட்டியவரை வைத்துக்கொண்டு எந்த மேலாளரும் அணி நடத்த முடியாது.

நான் வந்த புதிதில் கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர், டீ ஆறுவது தெரியாமல், அடுத்து நடந்த ஜெர்மனி ஆட்டத்தை எனக்கு ஆடியே காட்டினார். 92-வது நிமிடம், ஃபின்னன் நீளமாக அடித்த பந்து, நியால் குவின் தலையால் தட்டிவிட, ராபி கீன் (இவர் வேறு கீன்) உள்ளே அடித்து 1-1. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அப்புறம் ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றார்கள்; அந்த நவம்பரிலேயே மெக்கார்த்தி பதவி விலகினார்.

பிறகு இங்கிலாந்து கிளப்புகளான சண்டர்லாந்தை 2005-லும் வுல்வ்ஸை 2009-லும் அந்நாட்டின் முதல் தர லீகான பிரீமியர் லீகுக்கு ஏற்றினார். இரண்டு இடத்திலும் பின்னால் வேலை போனது. இப்ஸ்விச்சில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தார். 2018-ல் அயர்லாந்து அவரை மறுபடியும் கூப்பிட்டது. அதற்குப் பிறகும் சைப்ரஸ், கார்டிஃப், பிளாக்பூல் என்று போய்க்கொண்டே இருந்தார்.

நாளைக்கு யாராவது அதே கேள்வியைக் கேட்டால் அவசரப்பட்டுக் கட்சி சேராதீர்கள். "ஜெர்மனிக்கு எதிராக ராபி கீன் அடித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று அவர்களிடமே கேளுங்கள். மேசையில் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.